கடலோரம் யாருக்கு? செக் ஜாவாவின் கதை

(தொலைக்காட்சிக் கருத்துமேடையில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காகச் சற்று விரிவாக எழுதப்பட்டது)

நிகழ்ச்சியில் நெறியாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். "ஐயா, கடற்கரையை மக்களுக்குத் திறந்துவிட வேண்டுமா, சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற வேலி போட வேண்டுமா?" பட்டிமன்றத்துக்கு நல்ல கேள்விதான். இரண்டு அணி பிரிந்து உட்கார்ந்து நன்றாகப் பேசலாம். ஆனால் நம்முடைய சிங்கப்பூரின் கரையோர வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், இந்த இரண்டு அணியும் பல சமயம் இடம் மாறி உட்கார்ந்திருப்பது தெரியும். அந்த வரலாற்றைத்தான் அன்று சொல்ல நினைத்தேன். விளம்பர இடைவேளை குறுக்கிட்டுவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நம் முன்னோர் கடலோரத்தை நெய்தல் என்று தனித் திணையாகவே வகுத்தவர்கள். கடல் நீர் உள்ளே வந்து திரும்பும் ஓடைக்குக் கழி என்று பெயர் வைத்தார்கள். கரையோரச் சோலைக்குக் கானல் என்று பெயர். இன்று நாம் 'பீச்' என்று சொல்லும்போது மணலும் பாயும் கோழி வறுக்கும் அடுப்பும்தான் மனக்கண்ணில் வருகின்றன. சேறும் கழியும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. கடந்த 200 ஆண்டுகளில் சிங்கப்பூரில் நடந்ததை ஒரு வரியில் சொல்வதானால், கழியும் கானலும் போய் பீச் வந்தது.

1819ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது இத்தீவில் சுமார் 75 சதுர கிலோமீட்டர் பரப்பில் கண்டல் காடு இருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தீவின் பரப்பில் அது ஏறக்குறைய 13 விழுக்காடு. இன்று மிஞ்சியிருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஒரே நாளில் அழியவில்லை. முதலில் விறகுக்கும் கரிக்கும் வெட்டினார்கள். தோல் பதனிடப் பட்டையை உரித்தார்கள். கட்டடங்களின் அடியில் இறக்கப் பாக்காவ் கம்புகளை வெட்டினார்கள். பழைய கடைவீடுகள் பல இந்தக் கம்புகளின் மேல்தான் நிற்கின்றன. பிறகு இறால் குளங்கள் வந்தன. 1961க்குப் பிறகு ஜூரோங் சதுப்பு தொழிற்பேட்டையானது. 1975இல் கிராஞ்சி ஆற்றின் வாயை அடைத்து நீர்த்தேக்கம் கட்டினார்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டும், பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். அந்தக் காலத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அன்று சேற்றுக்காகப் பரிந்து பேச யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சதுப்பு என்றால் கொசு என்றே வளர்ந்தவர்கள் நாங்கள்.

கிழக்குக் கரையைப் பாருங்கள். 1966இல் தொடங்கி 1985 வரை கட்டம் கட்டமாக நடந்த நில மீட்பில் 1,525 ஹெக்டர் நிலம் கடலிலிருந்து எடுக்கப்பட்டது. சிக்லாப், பிடோக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணை ஓடும் பட்டையில் கடலுக்கு அனுப்பினார்கள். அலை அரித்துக்கொண்டு போகாதபடி கல் முனைகள் போட்டு, அவற்றுக்கிடையே பிறை வடிவில் மணற்கரைகளை உண்டாக்கினார்கள். அதற்கு முன் காத்தோங் கரையோரத்தில் வசதி படைத்தவர்களின் பங்களாக்களின் தோட்டம் கடல்வரை நீண்டிருந்தது. நம்மவர்கள் கடலைப் பார்க்க வேண்டுமானால் இடையில் ஒரு சந்து கிடைக்க வேண்டும். நில மீட்புக்குப் பின் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு, 185 ஹெக்டர் பரப்பில், எல்லாருக்கும் பொதுவான பூங்கா கிடைத்தது. மரின் பரேட் வீவக குடியிருப்பே அந்தப் புது நிலத்தில்தான் எழுந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக நாம் அங்கேதானே போனோம்?

ஆக, சாதாரண மக்களுக்குக் கடற்கரையைத் திறந்துவிட்டதே நில மீட்புதான். கரையோரத்து உயிர்களைப் புதைத்ததும் அதே நில மீட்புதான். முன்னதை மறந்துவிட்டுப் பின்னதை மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இறால் குளத்தில் இறங்கிய விருந்தாளிகள்

இந்தக் கணக்கு முதன்முதலில் வேறு விதமாகப் போடப்பட்டது வடமேற்கில், சுங்கை பூலோவில். 1986ஆம் ஆண்டில் பறவை ஆர்வலர்கள் சிலர் அங்கே கைவிடப்பட்ட இறால் குளங்களில் வலசைப் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்குவதைக் கண்டார்கள். சைபீரியா போன்ற வடதிசை நாடுகளிலிருந்து பனிக்காலத்துக்குத் தப்பி, ஆஸ்திரேலியா வரை பறக்கும் பறவைகள் அவை. அப்போதைய மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. 1989இல் 87 ஹெக்டர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6ஆம் தேதி அன்றைய பிரதமர் கோ சோக் டோங் அதைத் திறந்து வைத்தார். 2002இல் அது சட்டப்படி இயற்கைக் காப்பகமாகி 130 ஹெக்டராக விரிந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் குளங்களை அப்படியே விட்டிருந்தால் அவை தூர்ந்து காடாகியிருக்கும், பறவைக்குச் சேறு கிடைத்திருக்காது. இறால் வளர்த்தவர்கள் கட்டிய மதகுகளையே வைத்துக்கொண்டு, ஏற்றத்தின்போது வெளியே கடல் நிறைந்திருந்தாலும் உள்ளே நீரைக் குறைத்துச் சேறு தெரியும்படி செய்கிறார்கள். தொழிலுக்காகக் கட்டிய மதகு பறவைக்கு உதவுகிறது. மனிதர் பார்ப்பதற்குப் பலகைப் பாதையும் மறைவிடமும் உண்டு. வேலியும் வாசலும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்பதை முதலில் காட்டியது அந்த இடம்தான்.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. அந்தப் பறவைகள் வற்று நேரத்தில் இரை தேடப் போவது பக்கத்திலுள்ள மண்டாய் சேற்றுவெளிக்கு. காப்பகத்துக்குள் படுக்கை, சாப்பாட்டுக்கடை வெளியே. பறவைகளின் உடம்பில் கருவி பொருத்திக் கண்காணித்தபோது இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. 2018இல் மண்டாய் கண்டல் காடும் சேற்றுவெளியும், 72.8 ஹெக்டர், இயற்கைப் பூங்காவாகும் என அறிவித்தார்கள். 2020இல் இவற்றையெல்லாம் இணைத்து 400 ஹெக்டரில் சுங்கை பூலோ இயற்கைப் பூங்காக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. பறவைகளைக் கண்டதிலிருந்து அதுவரை 34 ஆண்டுகள்.

2001: மக்கள் சேற்றில் இறங்கிய ஆண்டு

இனி செக் ஜாவா. புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் சுமார் 100 ஹெக்டர் இடம். உபின் என்றதும் கருங்கல் உடைத்த தீவு என்பது பெரியவர்களுக்கு நினைவு வரும். 1851இல் ஒளிவீசத் தொடங்கிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் உபின் கல்லில் கட்டியதுதான். அந்தக் கல் தீவின் ஒரு மூலையில், மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் வெளி, பவளச் சிதறல், கண்டல் காடு, கரையோரக் காடு என ஆறு வகை இடங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. நீர் வற்றும்போது கடல் பின்வாங்கி, அடியில் இருப்பதெல்லாம் வெளியே தெரியும்.

1990களிலேயே உபின் கரையோரம் நில மீட்புக்கு உரிய இடமாகத் திட்டத்தில் இருந்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் ஜோசப் லாய் என்ற தாவரவியலாளர் மாணவர்களோடு அங்கே போனார். கண்டதை வெளியே சொன்னார். 2001இன் நடுவில் செய்தி பரவியது. ஆண்டு முடிவதற்குள் மண் கொட்டத் தொடங்கிவிடுவார்கள் என்பதும் தெரிந்தது. அதன்பின் நடந்ததை இந்நாட்டில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோஷம் இல்லை, பதாகை இல்லை. மக்கள் படகு பிடித்துப் பார்க்கப் போனார்கள். சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால்தான் பம்போட் கிளம்பும். அன்று 12 பேருக்குக் காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள், பாட்டிமார், இடுப்பில் குழந்தையோடு தாய்மார் என ஆயிரக்கணக்கானோர் போனார்கள்.

நானும் ஒரு நாள் விடியற்காலை போனேன். முழங்கால் வரை காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நடந்தபோது, மேசைத் தட்டு அளவுக்கு விரிந்து கிடந்த கடற்சாமந்தியையும், முதுகில் முடிச்சு முடிச்சாக இருந்த நட்சத்திர மீனையும், ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிடும் நண்டுகளையும் பார்த்தேன். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு அது புது நாடாகத் தெரிந்தது. திரும்பி வரும்போதுதான் எங்கள் கூட்டம் வந்த வழியைக் கவனித்தேன். கடற்புல் மிதிபட்டுச் சேற்றோடு அமிழ்ந்து கிடந்தது. அதில் என் காலடியும் உண்டு. காப்பாற்ற வேண்டும் என்று வந்தவர்களின் கால்கள் அவை.

அதே மாதங்களில் ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வு அருங்காட்சியகத்தினரும் தொண்டூழியர்களும் அங்குள்ள உயிரினங்களைப் பதிவு செய்தார்கள். இயற்கைச் சங்கம் அறிக்கை கொடுத்தது. பொதுமக்கள் கடிதம் எழுதினார்கள். தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த மா பாவ் டான் நேரில் போய்ப் பார்த்தார். 2001 டிசம்பரில் நில மீட்பு ஒத்திவைக்கப்படுவதாகச் செய்தி வந்தது. 2002 ஜனவரியில் அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். உபினை வளர்ச்சிப் பணிக்கு எடுக்கத் தேவை ஏற்படாதவரை செக் ஜாவா அப்படியே விடப்படும் என்பதே முடிவு. சொற்களைக் கவனியுங்கள். ரத்து என்று சொல்லவில்லை, ஒத்திவைப்பு என்றார்கள்.

இங்கே நம்மவர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். பேராசிரியர் பீட்டர் இங்கோடு சேர்ந்து 1999இல் சிங்கப்பூர்க் கண்டல் காடுகள் பற்றிய கையேட்டைத் தொகுத்த என். சிவசோதி. கரையோரத் துப்புரவு இயக்கத்தைப் பல ஆண்டுகள் ஒருங்கிணைத்தவர் அவர். கண்டல் காட்டில் பிளாஸ்டிக் பொறுக்கும் வேலைக்கு இளையர்களை ஆயிரக்கணக்கில் இழுத்து வந்தவர்களில் ஒருவர். நம் பிள்ளைகளுக்கு டாக்டர், வழக்கறிஞர் தவிர வேறு முன்மாதிரி காட்டுவதில்லை என்று குறைப்படுகிறோம். இதோ ஒருவர்.

நில மீட்பு நின்றது. ஆனால் மிதிபடுவது நிற்கவில்லை. அடுத்த சில ஆண்டுகள் முன்பதிவு செய்தவர்களை மட்டும், நீர் நன்றாக வற்றும் நாள்களில், குறித்த வழியில் வழிகாட்டிகள் அழைத்துப் போனார்கள். இடம் கிடைக்காதவர்களுக்கு வருத்தம். "எங்களுக்காகத்தானே காப்பாற்றினீர்கள், எங்களையே விடமாட்டேன் என்றால் எப்படி?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். நியாயமான கேள்விதான். அதற்கு விடையாகத் தேசியப் பூங்காக் கழகம் 2007 ஜூலை 7ஆம் தேதி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பலகைப் பாதையைத் திறந்தது. ஒரு வளையம் கடலின் மேல், இன்னொன்று கண்டல் காட்டுக்குள். கூடவே 20 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று. சக்கர நாற்காலியில் வருபவரும் கடற்புல்லின் மேலே போய் நிற்கலாம், புல் மிதிபடாது. முன்பதிவு இல்லாமல் யாரும் வரலாம். கால்தான் சேற்றில் படாது. 2001இல் சேற்றில் நின்றவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு சிறு ஏக்கம் உண்டு. ஆனால் என் காலடியை நானே பார்த்தவன், அதனால் வாய் திறப்பதில்லை.

அங்குள்ள 1ஆம் எண் வீட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். 1930களில் லாங்டன் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தலைமை நில அளவையாளர் தமக்கு ஓய்வில்லமாகக் கட்டியது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்துகொண்டு குளிர்காயக் கணப்படுப்பு வைத்துக் கட்டியிருக்கிறார்! ஊர் ஞாபகம் போலும். அவருக்கென்று இருந்த வீடு இன்று வருகையாளர் நிலையம்.

பலகைப் பாதை தடுக்க முடியாதது

பாதை திறந்த அதே 2007இன் தொடக்கத்தில் செக் ஜாவாவுக்குப் பேரிடி விழுந்திருந்தது. 2006 டிசம்பர், 2007 ஜனவரி மாதங்களில் ஜோகூரில் கண்டிராத வெள்ளம். அந்த மழைநீரெல்லாம் ஜோகூர் ஆற்றின் வழியே நீரிணைக்குள் வந்தது. கடல்நீரின் உப்பு குறைந்தது. விரைவாக இடம் பெயர முடியாத கடற்சாமந்திகளும் கடற்பஞ்சுகளும் நட்சத்திர மீன்களும் திரள் திரளாகச் செத்தன. நீரிணையின் அக்கரையில் பெய்த மழைக்கு இக்கரையில் வேலி போட்டு என்ன செய்வது? வருகையாளர் ஆவலோடு வந்த ஆண்டில் பார்க்க வேண்டியவை பாதி இல்லை. பின்னர் சிறிது சிறிதாகத் திரும்பின. கடற்பசு மேய்ந்த தடங்களும் அந்தக் கடற்புல்லில் காணப்பட்டிருக்கின்றன.

உபினில் இன்னொரு வேலையும் நடக்கிறது. சுங்கை பூலோ போலவே அங்கும் கைவிட்ட இறால் குளங்கள் உண்டு. அவற்றில் கண்டல் காட்டைத் திரும்பக் கொண்டுவர ஆய்வாளர்களும் தீவுவாசிகளும் ஆர்வலர்களும் சேர்ந்து முயல்கிறார்கள். கண்டல் மீட்பு என்றதும் நமக்குத் தெரிந்தது ஒரு பிரமுகர், ஒரு கன்று, ஒரு புகைப்படம். இவர்கள் முதலில் பார்ப்பது நீர் எப்படி வந்து போகிறது என்பதை. கண்டல் மரம் எந்நேரமும் நீரில் நிற்கக்கூடியது அன்று. நாளில் பாதி நேரமாவது அதன் மூச்சு வேர் காற்றில் இருக்க வேண்டும். தாழ்ந்த சேற்றில் நட்டால் மூழ்கிச் சாகும். குளத்தின் கரையைத் தக்க இடத்தில் திறந்துவிட்டு, தரை சரியான உயரத்தில் இருந்தால், விதை தானே மிதந்து வரும். தாய்மரத்திலேயே முளைத்து, கடலில் மிதந்து, இடம் பார்த்து நிற்கும் விதை அது. நடுவதைவிட வழிவிடுவதே பெரிய வேலை. கன்று கையில் இல்லாததால் புகைப்படம் மட்டும் நன்றாக வராது.

தமிழில் கண்டல் காட்டுக்கு அலையாத்திக் காடு என்றும் பெயர் சொல்கிறோம். அலையை ஆற்றுவது. 2004 டிசம்பர் 26க்கு முன் அந்தச் சொல்லின் அருமை நம்மில் பலருக்குத் தெரியாது. அன்று பினாங்கிலும் கெடாவிலும் உயிர்கள் போயின. 1990களின் பிற்பகுதியிலேயே கண்டல் நடத் தொடங்கியிருந்த பினாங்குக் கரையோர மீனவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று நினைத்தவர்கள் அதன் பிறகு அப்படி நினைக்கவில்லை. மீனவருக்கு அது மீன் குஞ்சுகளின் தொட்டில். அவர் அறிவியல் படித்து நடவில்லை, வலையில் மீன் குறைந்ததைப் பார்த்து நட்டார்.

இப்போது கிழக்குக் கரைக்கே திரும்ப வருகிறேன். 2023 நவம்பரில் லாங் ஐலண்ட் திட்டம் அறிவிக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டர் புது நிலம், நடுவில் நீர்த்தேக்கம், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் புதிய நீரோரப் பூங்கா. கடல்மட்டம் உயர்வதால் தாழ்வான கிழக்குக் கரையைக் காக்க வேண்டும் என்பது காரணம். அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. கனமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வரும் நாளில் என்ன ஆகும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அறுபதுகளில் மண் கொட்டி உண்டாக்கிய அந்தச் செயற்கைக் கரையிலும் கல் முனைகளிலும் இன்று கடற்புல்லும் பவளமும் வளர்ந்திருக்கின்றன. யாரும் நடவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நாம் கோழி வறுத்துக்கொண்டிருந்த இடத்துக்குச் சில அடி தூரத்தில் அவை திரும்பி வந்துவிட்டன. புதுக்கரை வரைபடமாக இருக்கும்போதே, அதில் எவ்வளவு தூரம் மணல், எவ்வளவு தூரம் கண்டல், பிள்ளைகள் எங்கே கால் நனைப்பது, எங்கே நனைக்கக்கூடாது என்பதைப் பேசிவிட வேண்டும். செக் ஜாவாவில் மண் லாரி கிளம்பும் நேரத்தில்தான் நாம் பேசினோம்.

2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று எரிபொருள் கப்பலில் மோதி எண்ணெய் கசிந்தபோது, கிழக்குக் கடற்கரை, செந்தோசா கடற்கரைகள் மூடப்பட்டுக் கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்டன. அந்நாள்களில் தொண்டூழியர்களாகப் பதிவு செய்ய முன்வந்தவர்கள் ஏராளம். செக் ஜாவாவுக்கும் பாசிர் ரிஸ் பூங்காவின் கண்டல் காட்டுக்கும் முன்னெச்சரிக்கையாக எண்ணெய்த் தடுப்பு மிதவைகள் போடப்பட்டன. பாசிர் ரிஸில் உள்ள அந்த ஆறு ஹெக்டர் கண்டல் காடு, அங்கே நில மீட்பு நடந்தபோது கடல் நீர் வந்து போக வழி வைத்துக் காப்பாற்றப்பட்டது. வீவக வீடுகளிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. படகு ஏற முடியாத பெரியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது பார்வையாளராக வந்திருந்த ஓர் அம்மா கேட்டார். "தம்பி, செக் ஜாவாவை இனிமேல் தொடமாட்டார்களா?" சட்டப்படி இயற்கைக் காப்பகங்கள் நான்கு: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, லாப்ரடோர், சுங்கை பூலோ. செக் ஜாவா அந்தப் பட்டியலில் இல்லை. ஒத்திவைப்பு இன்னும் ஒத்திவைப்பாகத்தான் இருக்கிறது என்றேன். "அப்படியானால் பேரப்பிள்ளையைச் சீக்கிரம் கூட்டிப் போய்விட வேண்டும்" என்றார். போகிறவர்கள் முதலில் அலை அட்டவணையைப் பாருங்கள். நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளாக இருந்தால் நல்லது. வற்றுக்கு ஒரு மணி நேரம் முன்பே பாதையில் இருக்க வேண்டும். படகுத்துறையிலிருந்து செக் ஜாவாவுக்கு நடை சற்று நீளம், வேன் கிடைக்கும். தண்ணீர் போத்தல் கொண்டு போங்கள். சிப்பி எதையும் எடுத்து வராதீர்கள், காலியாகத் தெரியும் சிப்பிக்குள் பெரும்பாலும் துறவி நண்டு குடியிருக்கும்.